ஐம்பது கிராம் முன்னே பின்னே

பிப்ரவரி 10, 2025
அக்கரைச் சிறை

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

தம்பி ஆன்டனி ராஜ் எழுதுவது. மாதா துணையால் நான் சுகம். நீ சுகமா? குவாஹாத்தியில் குளிர் விட்டதா?

தீர்ப்பு ஆகிவிட்டது. மீன்பிடிக்கப் போய் கடல் எல்லை தாண்டி இரண்டாவது முறை பிடிபட்டவன், அதுவும் படகை ஓட்டியவன் என்பதால் எனக்கு மட்டும் ஒன்பது மாதம். கூட வந்த நாலு பேரையும் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். படகு இனி நமக்கில்லை. நீலப் பெயிண்டில் அதற்குப் பெயர் எழுதியது நான்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த டப்பாவில் பாதி இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

இங்கே எங்களுக்குப் போன் கிடையாது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாதா கோயில் சாமியார் ஒருவர் வருகிறார். அவர் விலாசத்துக்கு எழுதினால் கையில் கொண்டுவந்து தருவார்.

பிரெசில்லாவுக்கு இது ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை. தங்கச்சிமடத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். அய்யாவும் இல்லை, அம்மாவும் இல்லை, உன்னை விட்டால் நான் யாரிடம் சொல்வேன்? அவள் கடிதம் போட்டால் ஒரே வரிதான்: "நல்லா இருக்கேன், நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க." விவரம் வேண்டுமென்றால் நீதான் எழுத வேண்டும். டாக்டர் சொன்னது, ஸ்கேனில் தெரிந்தது, பிள்ளையின் எடை எவ்வளவு, ஒன்றுவிடாமல் எழுது.

அப்புறம், இங்கே எல்லாரும் "ஒங்கக்கா என்ன வேல பாக்குது?" என்று கேட்கிறார்கள். குவார்க் என்றேன். "அது என்ன மீனுலே?" என்கிறார்கள். விளக்கி எழுது, எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

உன் தம்பி,
ஆன்டனி ராஜ்


பிப்ரவரி 24, 2025
குவாஹாத்தி

தம்பி ஆன்டனிக்கு,

நானும் பிரெசில்லாவும் அவள் வயிற்றுக்குள் இருப்பவரும், ஆக மூவரும் நலம். உன் நலத்தை நீயே உன் கையால் எழுதியதைப் படிப்பதில்தான் எனக்கு நிம்மதி.

முதலில் உன் கேள்விக்குப் பதில். பிப்ரவரி எட்டாம் தேதி ஸ்கேன். இருபது வாரம். எடை முந்நூற்று இருபது கிராம், ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கலாம். போனில் இதைச் சொன்னதற்கு, "மதினி, பச்சப்புள்ளைக்குமா முன்ன பின்ன?" என்று பிரெசில்லா சிரித்தாள். எதை அளந்தாலும் அதில் எவ்வளவு தவறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எங்கள் இயற்பியல் ஆட்களிடம் அது அளவே இல்லை.

குவார்க் மீன் இல்லை. உன் உடம்பு, கடல், உப்பு எதையும் நுணுக்கிக்கொண்டே போனால் கடைசியில் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும் துகள்களில் வந்து நிற்கும். அதுதான் குவார்க். மூன்று சேர்ந்த குடும்பத்துக்குப் பேரியான் என்று பெயர். சாதாரணமாக மூன்றுமே இலேசானவை. நான் பார்ப்பது கனத்த குவார்க் இரண்டும் இலேசானது ஒன்றும் சேர்ந்த குடும்பம். கனத்தவை இரண்டும் நடுவில் ஒட்டி உட்கார்ந்திருக்க, இலேசானது சுற்றிச் சுற்றி வரும். ஒன்றைப் பிரித்து இழுத்தால் வடக்கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும். தனியாக எடுக்கவே முடியாது. இவற்றில் மிகக் கனத்த வகையை இன்னும் யாரும் கண்டதில்லை. காணும் முன்பே அதன் எடை இவ்வளவு, ஆயுள் இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. பிறக்காத பிள்ளைக்கு ஸ்கேனில் எடை சொல்வதில்லையா, அந்த மாதிரி.

மார்ச் கடைசியில் பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போகிறேன். அப்போது உன் பெண்டாட்டியை நேரில் பார்த்து எழுதுகிறேன். அங்கே யாரோடும் மல்லுக்கு நிற்காமல் இரு.

உன் அக்கா,
ஜோதிமேரி


மார்ச் 12, 2025
அக்கரைச் சிறை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் நலம் என்ற வரியைப் பத்துத் தடவை படித்தேன். மூவர்! நம் வீட்டில் மூவர் இருந்து எத்தனை வருடம் ஆகிறது.

உன் குடும்பக் கதையை இங்கே சொன்னேன். கனத்தது இரண்டு, இலேசு ஒன்று என்றதும் ஒருத்தர், "அப்ப ஒங்க வீட்டுல நீயும் ஒங்கக்காவும் கனம், பிரெசில்லா இலேசு" என்றார். நான் சொன்னேன், பொறுங்கள், இன்னும் இலேசாக ஒன்று வருகிறது என்று.

ஒரு சந்தேகம். கண்ணால் காணவே முடியாத ஒன்றுக்கு நீ சொன்ன எடை சரிதான் என்று எப்படித் தெரியும்? யார் தராசில் வைத்துப் பார்த்தது? நானாவது மீனைக் கையில் தூக்கி எடை சொல்வேன், தராசில் வைத்தால் கால் கிலோகூடத் தப்பாது.

அடுத்த எடை எப்போது வரும்? முந்நூற்று இருபது என்பது ஒரு கணவாய் மீனுக்குக்கூடக் காணாது. ஊருக்குப் போனதும் புது எடை எழுது அக்கா. சாப்பாட்டை விட அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

ஆன்டனி ராஜ்


மார்ச் 20, 2025
குவாஹாத்தி

தம்பிக்கு,

மூவரும் நலம். நீயும் நலமென்று உன் கேலியிலேயே தெரிகிறது.

நல்ல கேள்வி கேட்டாய். என் மாணவர்கள் கேட்பதில்லை. அந்தத் துகள் பிறந்தால் இருக்கும் நேரம், ஒரு வினாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை. ஓர் அரிசி நீளம் போகுமுன் சிதைந்துவிடும். அதை யாரும் பார்ப்பதில்லை. அது உடைந்து சிதறிய துண்டுகளைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் போனது என்று அளந்து கூட்டினால், உடைந்தது எது, அதன் எடை என்ன என்று தெரிந்துவிடும். சில சமயம் கூட்டினால் குறையும். அப்போது, எந்தக் கருவியிலும் படாமல் ஏதோ ஒன்று அங்கிருந்து போய்விட்டது என்று அர்த்தம். இருப்பதை வைத்து இல்லாததைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அடுத்த ஸ்கேன் ஏப்ரல் பத்தாம் தேதிதான். ஆனால் நீ கேட்டுவிட்டாயே. நான் போனதும் பிரெசில்லாவை ராமநாதபுரம் கூட்டிப்போய் எடுத்துவிடுகிறேன். அடுத்த கடிதத்தில் எடை இருக்கும், முன்னே பின்னேயோடு.

அக்கா


மார்ச் 27, 2025
அக்கரைச் சிறை

அக்காவுக்கும் பிரெசில்லாவுக்கும்,

நான் சுகம். அக்கா இந்நேரம் ஊருக்கு வந்திருப்பாள் என்பதால் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

பெயர் யோசித்துவிட்டேன். பெண் என்றால் அமலி. காரணம் ஒன்றுமில்லை, சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு நன்றாக இருக்கிறது. ஆண் என்றால் நீங்கள் இருவரும் பார்த்து வையுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். தலைப்பிள்ளைக்கு அப்பாவின் அய்யா பெயர் வைப்பது நம் வழக்கம்தான், ஆனாலும் வியாகுலம் என்ற பெயர் வேண்டாம். அய்யா கடலுக்குப் போய்த் திரும்பாத அன்று அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நாம் இருவரும் கரையில் நின்றோம். இன்னொரு தடவை என் வீட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட எனக்குத் தெம்பில்லை.

பிரெசில்லா, கனத்தைத் தூக்காதே.

ஆன்டனி


ஏப்ரல் 16, 2025
மாரியூர்

அன்புள்ள மதினிக்கு,

பிரெசில்லா எழுதிக்கொள்வது. நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? போனில் உங்கள் குரலைக் கேட்டாலே அழுகைதான் வருகிறது, பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை போய் இன்றோடு பதினெட்டு நாள். இன்னும் பால் சுரக்கிறது. அது வற்றுவதற்கு அம்மா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிடுகிறாள். அந்த வாசனையே எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

மதினி, அவருக்கு எழுதிவிடாதீர்கள். போன தடவை பிடிபட்டபோதே மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். எடை கேட்டு அவர் எழுதியதால்தான் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஸ்கேனுக்குப் போனோம், மறுநாள் காலையில் வலி வந்துவிட்டது என்று தெரிந்தால் அங்கேயே சுவரில் தலையை மோதிக்கொள்வார். டாக்டர் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. வரட்டும், என் வாயால் சொல்கிறேன். நீங்களும் உங்களையே வைதுகொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் உங்களை ஒன்றும் நினைக்கவில்லை.

அவருடைய கடிதம் தங்கச்சிமடத்துக்கு வந்து இங்கே கொண்டுவந்து தந்தார்கள். அமலி என்று வைக்கச் சொல்லியிருக்கிறார். அய்யா பெயர் மட்டும் வேண்டாமாம். அந்த அவசரத்தில் நீங்கள் ஞானஸ்நானம் கொடுத்தபோது நமக்கு அது எப்படித் தெரியும்? அத்தை கல்லறையின் கால்மாட்டில் நட்ட சிலுவையில் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெறும் சிலுவையாகத்தான் நிற்கிறது.

கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் படித்துக்கொண்டே இருப்பேன்.

பிரெசில்லா


ஏப்ரல் 27, 2025
குவாஹாத்தி

தம்பி ஆன்டனிக்கு,

நான் நலம். பிரெசில்லாவும் நலம். மாரியூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீ நலமா?

பெயர்க் கடிதம் கிடைத்தது. அமலி நல்ல பெயர்.

ஸ்கேன் விவரமெல்லாம் பிரெசில்லாவிடம் இருக்கிறது. இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. என் துகளின் எடைக் கணக்கு முடிந்துவிட்டது. ஒரு புரோட்டானைப் போலப் பதினொரு மடங்கு. கனத்த குவார்க்குக்கும் இலேசான குவார்க்குக்கும் நடுவே இருக்கும் இழுவையை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வருகிறது. இனி ஆயுள் கணக்கு. எந்தெந்த வழியில் சிதையும், எந்த வழிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்ட வேண்டும். நீளமான வேலை, அதனால் கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

ஊரில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. சாப்பாட்டை ஒதுக்காதே.

ஜோதிமேரி


மே 20, 2025
அக்கரைச் சிறை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். பிரெசில்லாவிடம் சொல்.

எடை எவ்வளவு அக்கா? போன கடிதத்தில் விட்டுவிட்டாய். முப்பத்து மூன்று வாரம் தாண்டியிருக்கும், இரண்டு கிலோ வந்திருக்காதா? நான் இரண்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன், நூறு கிராம் முன்னே பின்னே இருக்கலாம். உன் கணக்கோடு ஒத்துப் பார்ப்போம்.

இங்கே தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள். கத்தரிச் செடி வைத்திருக்கிறேன். கடல்காரனுக்கு மண் வேலை வராது என்று சிரிக்கிறார்கள், ஆனாலும் துளிர்த்துவிட்டது.

எடை எழுது.

ஆன்டனி


ஜூன் 9, 2025
குவாஹாத்தி

தம்பிக்கு,

நான் நலம். பிரெசில்லா நடமாடுகிறாள், தூங்குகிறாள்.

கட்டுரை முடிகிற கட்டத்தில் இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு துகளுக்கும் எதிரே எடைக்கு ஒரு கட்டம், ஆயுளுக்கு ஒரு கட்டம். எடையை நிரப்பிவிட்டேன். ஆயுள் வரிசை முழுக்கக் காலியாக இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பேராசிரியர், கணக்கு வரவில்லையா என்று கேட்டார். கணக்கு வந்துவிட்டது. ஒரு மாதமாக என் மேசையில் கிடக்கிறது. எடுத்து எழுதத்தான் கை வரவில்லை. நேற்று லேபில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். வேலைப் பளு என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீ கேட்டதைப் பிறகு எழுதுகிறேன். கத்தரிச் செடிக்குச் சாம்பல் தூவு, பூச்சி வராது.

அக்கா


ஜூலை 1, 2025
அக்கரைச் சிறை

என் அக்காவுக்கு,

எனக்குத் தெரியும்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்று "மூவரும் நலம்" என்ற வரியைத் தேடினேன். நான் நலம், பிரெசில்லாவும் நலம் என்று இருந்தது. இரண்டு பேர். தாளைத் திருப்பிப் பார்த்தேன், எடை இல்லை. முன்னே பின்னே இல்லை. என் அக்கா எடை தெரிந்தும் எழுதாமல் விட்டால் என்ன அர்த்தம்? நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே கூட்டினேன் அக்கா. குறைந்தது.

மே மாதம் நாட்டுப்படகில் வந்து பிடிபட்ட பாம்பன் வினோத்குமாரை இங்கே கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "மாப்ள, ஒனக்கு இன்னும் எழுதலையா?" என்று அவன்தான் முதலில் அழுதான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை என் பெண்டாட்டியும் அக்காவும் பொத்தி வைத்திருந்தீர்கள். கோபம் வந்தது. பிறகு, நீங்கள் இரண்டு பேரும் இதை எப்படிச் சுமக்கிறீர்கள் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பாவது உங்களுக்கு மிஞ்சட்டும் என்று சும்மா இருந்தேன். மே இருபதாம் தேதி எடை கேட்டு எழுதியபோது எனக்குத் தெரியும். கேட்டு எழுதும்போது ஒரு நிமிடம் அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். அதற்காகத்தான் கேட்டேன். நீ லேபில் அழுதாய் என்று படித்த பிறகு இந்த நாடகம் போதும் என்று தோன்றியது.

வினோத்குமார் எல்லாம் சொன்னான். பாலத்து மேலேயே நீ தண்ணீர் ஊற்றி அய்யா பெயர் வைத்தாயாமே. என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ எவ்வளவு நொந்திருப்பாய் என்று நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. அக்கா, அமலி என்று அவளை ஒருத்தரும் கூப்பிடவில்லை. வியாகுலமேரி என்று நீ கூப்பிட்டபோது அவள் உயிரோடு கேட்டாள். அதுதான் அவள் பெயர். சிலுவையில் யாரும் எழுத வேண்டாம். பிடிபட்ட நாளிலிருந்து கணக்கு என்பதால் அக்டோபரில் விடுவார்கள். நான் வந்து, பரணில் இருக்கும் அந்த நீலப் பெயிண்டில் என் கையால் எழுதுகிறேன். கல்லறைத் திருநாளுக்குள் எழுதிவிடுவேன்.

நான் எடை கேட்டதால்தான் பஸ் ஏறினீர்களா என்று கேட்க மாட்டேன். டாக்டர் சொன்னதை மட்டும் எழுது. அப்புறம், எடை எவ்வளவு, எவ்வளவு நேரம் இருந்தாள் என்று எழுது. நீ எடை போடாமல் விட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

பிரெசில்லாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 20, 2025
தங்கச்சிமடம்

என் தம்பி ஆன்டனிக்கு,

நான் நலமில்லை. பிரெசில்லாவும் நலமில்லை. நீயும் நலமில்லை. ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டிய வரி இது. மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்ததும் லீவு போட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். பிரெசில்லாவை மாரியூரிலிருந்து கூட்டி வந்தேன். நேற்று இரண்டு பேரும் கல்லறைக்குப் போனோம். பெயிண்ட் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம். மேலே ஆடை கட்டியிருக்கிறது, உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது.

டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். பனிக்குடம் பஸ் ஏறுவதற்குச் சில நாள் முன்பிருந்தே கசிந்திருக்கிறது, பிரெசில்லாவுக்கே தெரியவில்லை, வீட்டில் படுத்தே கிடந்திருந்தாலும் வலி வந்திருக்கும் என்றார். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். நீ கேட்டதால் இல்லை. நான் கூட்டிப்போனதால் இல்லை என்பதை நம்பத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வலி வந்தது. ஆம்புலன்ஸ் பாம்பன் பாலத்தில் பாதி தூரம் போவதற்குள் பிறந்துவிட்டாள். வண்டியில் கூட வந்த பெண் தன்னால் முடிந்ததெல்லாம் செய்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வேதக்காரங்கதானக்கா? தண்ணி ஊத்திருங்க" என்றாள். பத்து வருடமாகக் கோயில் பக்கம் போகாதவள் நான். குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி அவள் தலையில் விட்டேன். பெயர் கேட்க நீ இல்லை. வாயில் வந்தது அய்யா பெயர். "வியாகுலமேரி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றேன். அந்த வார்த்தைகள் எனக்கு மறந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எடை போடச் சொன்னேன். "இனிமே எதுக்குக்கா எட?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். "அவங்க அப்பாவுக்குச் சொல்லணும்மா" என்றேன். அவள் துணியை விலக்கி எடை போட்டாள்.

தொள்ளாயிரத்து அறுபது கிராம். முந்தின நாள் ஸ்கேன் சொன்னது தொள்ளாயிரத்து இருபது, நூற்று நாற்பது முன்னே பின்னே. முன்கூட்டிச் சொன்ன எடையும் பிறகு கண்ட எடையும் இவ்வளவு நெருங்கி வந்ததை என் வேலையில் நான் பார்த்ததே இல்லை.

இருந்தது நாற்பத்தொரு நிமிடம். அதில் முன்னே பின்னே கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் துகள்களில் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. யாராலும் முடியாது. இவளை நான் பார்த்தேன் ஆன்டனி. உன் நெற்றி, பிரெசில்லாவின் வாய். தலையில் தண்ணீர் பட்டதும் அழுதாள். இரண்டு தடவை. பாலத்தில் அவ்வளவு காற்று இரைச்சலிலும் பிரெசில்லாவுக்கும் எனக்கும் கேட்டது.

உன் அக்கா,
ஜோதிமேரி